உடைந்த பிஸ்டன்களை அடுக்கி வைத்த மனிதர்

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்குச் சாதனையாளர் வாழ்க்கை எழுதலாம் என்றதும், காமராஜரையும் விஸ்வேஸ்வரய்யாவையும் கலாமையும் எழுத நம் கல்லூரியில் நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். அதனால் நான் ஒரு மெக்கானிக்கை எடுத்துக்கொண்டேன். பெயர் பர்ட் மன்ரோ. நியூசிலாந்துக்காரர். நம்ம பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இந்தப் பெயர் வராது. பரீட்சையில் இரண்டு மார்க்குக்குக்கூட கேட்க மாட்டார்கள். ஆனால் பிஸ்டன், கனெக்டிங் ராடு, வால்வு என்று படம் போட்டு பாகம் குறிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது. மற்றத் துறை நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். கணக்கு கொஞ்சமாகத்தான் வரும்!

அப்படி என்னதான் செய்தார்? 1920-இல் வாங்கிய ஒரு மோட்டார் சைக்கிள். கம்பெனியிலிருந்து வந்தபோது மணிக்கு 88 கிலோமீட்டர்தான் அதன் உச்ச வேகம். அதைத் தன் கையாலேயே மாற்றி மாற்றி, 1967-இல் 295 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். அன்றைக்கு வண்டிக்கு வயது 47. ஓட்டியவருக்கு வயது 68!

பழைய வண்டி, புது வேகம்

மன்ரோவைப் புரிந்துகொள்ள, முதலில் ஹாட் ராடு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். 1930-களில் அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில் கையில் காசில்லாத வாலிபர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்று, கூரையைக் கழற்று, எடையைக் குறை, எஞ்சினைப் பிரித்து மேய் – இதுதான் அவர்கள் வேலை. 1932-இல் ஃபோர்டு கம்பெனி சாதாரண ஜனங்கள் வாங்கும் விலையில் வி-8 எஞ்சின் வைத்த காரைக் கொண்டுவந்தது. பின்னாளில் அந்த எஞ்சின் பழைய இரும்புக் கடைகளுக்கு வர வர, இவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

வண்டியைத் தயார் பண்ணினால் போதுமா? எவ்வளவு வேகம் என்று அளக்க வேண்டாமா? முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளுக்குப் போய், கடிகாரம் வைத்து அளந்து ஓட்டினார்கள். அந்தக் கிளப்புகள் சேர்ந்து 1937-இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கம் உருவாயிற்று. 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராடு சங்கத்தைத் தொடங்கினார். நின்ற இடத்திலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பிக் கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் கடப்பது என்கிற டிராக் ரேஸ் அதன் பிறகுதான் ஒழுங்கான விளையாட்டாக வளர்ந்தது. டான் கார்லிட்ஸ் என்ற டிராக் ரேஸ் வீரர் 1984-இல் ஃப்ளோரிடா மாநிலம் ஒகாலாவில் இந்த வண்டிகளுக்காகவே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்.

இந்த ஹாட் ராடு வண்டிகளுக்கெல்லாம் ஒரே ஜாதகம். பிறந்தது பெரிய கம்பெனியில். மறுபிறவி எடுத்தது வீட்டுக் கொட்டகையில். மன்ரோ கலிஃபோர்னியாவுக்குப் பல ஆயிரம் மைல் தள்ளி இருந்தவர். ஆனால் அவர் செய்ததும் அதே வேலைதான். சொல்லப்போனால், அவர்களுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

பிழைக்க மாட்டான் என்ற குழந்தை

நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் இன்வர்கார்கில் என்று ஓர் ஊர். அங்கே 1899 மார்ச் 25-ஆம் தேதி மன்ரோ பிறந்தார். கூடவே பிறந்த இரட்டைத் தங்கச்சி பிறக்கும்போதே இறந்துவிட்டது. இந்தப் பிள்ளையும் இரண்டு வயதைத் தாண்டுவது கஷ்டம் என்று பெற்றோரிடம் சொன்னார்களாம். அந்தப் பிள்ளைதான் 78 வயது வரை வாழ்ந்தது.

பக்கத்தில் எடன்டேல் என்ற இடத்தில் குடும்பத்துக்கு விவசாயப் பண்ணை. சின்ன வயதிலேயே வீட்டில் இருந்த குதிரைகளில் எது வேகமோ அதன் மேல்தான் ஏறுவார். அப்பா திட்டினாலும் கேட்பதில்லை. பண்ணையைத் தாண்டி வெளியே போவதைக் குடும்பம் விரும்பவில்லை. பையனுக்கோ கார், மோட்டார் சைக்கிள், ஆகாய விமானம் என்று புதுசு புதுசாக உலகத்தில் வந்துகொண்டிருந்தது எல்லாவற்றின் மேலும் கண்.

முதல் உலகப்போர் முடிந்த பிறகு ஒட்டிரா என்ற இடத்தில் ரயில்வே சுரங்கப்பாதை வேலைக்குப் போனார். அப்பா புதிதாக ஒரு பண்ணை வாங்கினார், மகனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அப்புறம் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1930 வாக்கில் உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம் வந்ததும் மறுபடியும் வீடு. கடைசியில் மோட்டார் சைக்கிள் விற்பதும் ரிப்பேர் பார்ப்பதும் பிழைப்பாயிற்று. எஞ்சினியர் பட்டம் கிடையாது. நம்மை மாதிரி டிப்ளமோவும் கிடையாது.

பேரு இந்தியன், ஊரு அமெரிக்கா

அவர் வாங்கிய வண்டியின் பெயர் இந்தியன் ஸ்கவுட். இந்தியன் என்றதும் நம்ம நாட்டு வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் பூர்வகுடி மக்களை அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் இந்தியர் என்று சொல்லி வந்தார்கள். அந்தப் பெயரைத்தான் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த கம்பெனி வண்டிக்கு வைத்தது. வடிவமைத்தவர் அயர்லாந்துக்காரரான சார்லஸ் ஃப்ராங்க்ளின் என்ற எஞ்சினியர். 600 சி.சி., வி வடிவத்தில் இரண்டு சிலிண்டர், சைடு வால்வு எஞ்சின்.

1926-இல் மன்ரோ அதைப் பிரிக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் அந்த வண்டி முழுசாக முடிந்த வண்டியாக ஒருநாளும் இருந்ததில்லை. இன்னும் கொஞ்சம் வேகம்... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான். அந்தக் கம்பெனியே 1953-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மன்ரோவின் கொட்டகையில் மட்டும் ஒரே ஒரு இந்தியன் வருஷா வருஷம் புதிதாகிக்கொண்டே இருந்தது.

கொட்டகைதான் கல்லூரி

பகலில் வேலை. ராத்திரி முழுக்க வண்டி. தூங்காமலே மறுநாள் வேலைக்குப் போன நாட்கள் நிறைய.

வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றால் உதிரி பாகம் வாங்க வேண்டும். அவருக்குக் காசும் இல்லை, அவர் நினைத்த மாதிரி பாகம் கடையிலும் இல்லை. அதனால் தானே செய்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து உலோகத்தை உருக்கி ஊற்றி பிஸ்டன் வார்த்தார். சிலிண்டர் பேரல்களைப் பழைய வார்ப்பிரும்புக் குழாயிலிருந்து எடுத்தார். கேட்டர்பில்லர் டிராக்டரின் பழைய ஆக்ஸிலிலிருந்து கனெக்டிங் ராடை கையாலேயே செதுக்கி எடுத்தார். ஃபிட்டிங் ஷாப்பில் வி-ஃபிட்டிங் ஜாப்புக்கு எம்.எஸ். பிளேட்டை அரம் போட்டுக் கை கொப்பளித்த நமக்கு, டிராக்டர் ஆக்ஸில் எஃகைச் செதுக்குவது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை! அளப்பதற்கு மைக்ரோமீட்டர்? சக்கரத்தின் பழைய ஸ்போக் ஒன்றை வைத்தே அளந்தார் என்கிறார்கள்.

எஞ்சினின் அமைப்பையே மாற்றினார். சைடு வால்வில் வாயு வளைந்து வளைந்து உள்ளே போக வேண்டும். கம்ப்ரஷன் விகிதத்தையும் ரொம்ப உயர்த்த முடியாது. அதனால் வால்வுகளைச் சிலிண்டர் தலைக்கு மேலே கொண்டுபோய் ஓவர்ஹெட் வால்வாக்கினார். இரண்டு கேம் இருந்த இடத்தில் நான்கு கேம் வைத்தார். ஃப்ளைவீல், ஆயில் போகும் வழி, 17 பிளேட் கொண்ட கிளட்ச், எல்லாமே சொந்தத் தயாரிப்பு. 600 சி.சி. எஞ்சின் 850 ஆயிற்று, 920 ஆயிற்று, கடைசியில் 950-ஐத் தொட்டது.

இதெல்லாம் முதல் தடவையே சரியாக வந்ததா? இல்லவே இல்லை. பிஸ்டன் உருகியது, ராடு உடைந்தது, எஞ்சின் வெடித்தது. ஓட்டம் என்றால் சில நிமிஷம். அதற்கப்புறம் மாதக்கணக்கில் ரிப்பேர்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. உடைந்த பாகங்களை மன்ரோ தூக்கி எறியவில்லை. கொட்டகைச் சுவரில் ஒரு அலமாரி. அதில் உருகிய பிஸ்டன், முறிந்த ராடு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்தார். வேகக் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கை என்று மேலே எழுதியும் வைத்தார். பழனிக்குப் பாதயாத்திரை போய் முடிக் காணிக்கை கொடுக்கிற நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். அவரிடம் இருந்தது உடைந்த இரும்புதான்.

அப்பா கேட்ட கேள்வி

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை கொஞ்சம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். அப்பா ஐந்தாவது வரை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பவுண்டரியில் இருபது வருஷத்துக்கு மேலாக மோல்டர் வேலை. மண் சலிப்பது, பெட்டியில் மண் அடிப்பது, பேட்டர்னை உருவி எடுப்பது, கோர் வைப்பது, இரும்பு ஊற்றுவது. உள்ளங்கை எப்போதும் கறுப்பாகவே இருக்கும்.

மன்ரோ டப்பாவில் பிஸ்டன் வார்த்த கதையை ஒருநாள் ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை. டப்பாவை முதலில் சூடு பண்ணினாரா என்று கேட்டார். ஈரம் இருந்தால் ஆவியாகி ஓட்டை விழுமே, அதை எப்படிச் சமாளித்தார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவரே சொல்ல ஆரம்பித்தார். ரிஜெக்ட் ஆன வார்ப்பை மறுபடி உருக்கப் போடும் முன்னால் அவர் உடைத்து உள்ளே பார்ப்பாராம். ஓட்டையின் சுவர் வழவழவென்று இருந்தால் அது காற்றோ ஆவியோ அடைத்தது. மண்ணில் ஈரம் அதிகம், அல்லது காற்று போக வழி வைக்கவில்லை. சொரசொரவென்று இருந்தால் உலோகம் ஆறிச் சுருங்கும்போது நிரப்ப இரும்பு போதவில்லை, ரைசர் சின்னது. நான் உள்ளே போய் புத்தகத்தை எடுத்து வந்தேன். வார்ப்புக் குறைபாடுகள் என்ற அட்டவணையை வாசித்துக் காட்டினேன். ப்ளோ ஹோல், ஷ்ரிங்கேஜ் கேவிட்டி, மிஸ் ரன், கோல்டு ஷட் – ஒவ்வொன்றுக்கும் காரணத்தை நான் வாசிக்கும் முன்னால் அப்பா சொன்னார். அவருக்குத் தெரியாதது இங்கிலீஷ் பெயர் மட்டும்தான்.

அன்றைக்குத்தான் அந்த அலமாரி எனக்குச் சரியாகப் புரிந்தது. அது வெறும் காணிக்கை இல்லை. அதுதான் மன்ரோவின் பாடப்புத்தகம். எது எங்கே முறிந்தது என்று தினமும் கண்ணுக்கு எதிரே இருக்கும்போது அதே தப்பான வடிவத்தை மறுபடி செய்யக் கை வராது.

ஒரு சின்னக் கணக்கு

88 கி.மீ.யிலிருந்து 305 கி.மீ. மன்ரோவின் வண்டி 1967-இல் தகுதி ஓட்டத்தில் ஒரு திசையில் மணிக்கு 305.89 கி.மீ. போனது. அதாவது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. மூன்றரை மடங்கு வேகத்துக்கு மூன்றரை மடங்கு பவர் போதும் என்று தோன்றும். போதாது! காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதை வெல்ல வேண்டிய பவர் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். மூன்றரையை மூன்று தடவை பெருக்குங்கள், நாற்பதுக்கு மேல் வரும். வண்டியின் வடிவம் மாறாமல் இருந்தால் காற்றைக் கிழிக்க மட்டும் நாற்பது மடங்கு பவர் வேண்டும். ஆனால் எஞ்சினின் கொள்ளளவோ 600-லிருந்து 950 வரைதான் ஏறியது. இரண்டு மடங்குகூட இல்லை.

மீதியை எங்கே பிடித்தார்? ஒன்று, எஞ்சின் மூச்சு விடும் வழி. அதுதான் ஓவர்ஹெட் வால்வும் நாலு கேமும். இரண்டாவது, வடிவம். வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்து மூடுகிற மாதிரி நீளமான, மீன் போன்ற ஒரு கூடு செய்து போட்டார். அதற்குள்ளே படுத்த மாதிரிதான் ஓட்ட வேண்டும். ஏரோடைனமிக்ஸ் என்று நாம் புத்தகத்தில் படிப்பதை அவர் கண்ணால் பார்த்து, கையால் தட்டிக் கண்டுபிடித்தார்.

உப்புத் தரையில் ஒரு கிழவர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பான்வில் உப்புச் சமவெளி இருக்கிறது. ஆதி காலத்தில் பெரிய ஏரி. வற்றிப்போய் உப்பு மட்டும் தங்கிவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் நின்று, கோடையில் காய்ந்து, தரை மட்டமாகிவிடும். மரம் இல்லை, மேடு இல்லை, கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை. 1935-இல் மால்கம் கேம்பெல் என்ற இங்கிலாந்துக்காரர் காரில் மணிக்கு 300 மைல் வேகத்தைத் தாண்டியது இங்கேதான். 1949 முதல் ஹாட் ராடு வாலிபர்களின் டைமிங் சங்கம் இங்கே வேக வாரம் நடத்தத் தொடங்கியது.

மன்ரோவுக்கு அங்கே போய் ஓட்ட வேண்டும் என்று ஆசை. தன் வண்டி உண்மையில் எவ்வளவு போகும் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு ஊரில் இடம் இல்லை. ஓரெட்டி என்ற கடற்கரை மணலில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஆனால் மணல் வேறு, உப்பு வேறு. காசு சேர்த்து, வண்டியோடு கடல் கடந்து போனார். 1948-இல் இதே உப்புத் தரையில் மோட்டார் சைக்கிள் மேல் குப்புறப் படுத்து மணிக்கு 150 மைல் வேகத்தைத் தாண்டிய ரோலி ஃப்ரீ போன்றவர்கள் அவருக்கு நண்பர்களானார்கள். பெரிய கம்பெனி ஆதரவு எதுவும் இல்லாத கிழவர், நாற்பது வருஷத்துப் பழைய வண்டி. இருந்தாலும் ஹாட் ராடுகாரர்களுக்கு அந்த வண்டியைப் பார்த்ததும் விஷயம் புரிந்திருக்கும். அவர்களும் கொட்டகையிலிருந்து வந்தவர்கள்தானே!

1962-இல் 850 சி.சி. எஞ்சினோடு மணிக்கு 288 கி.மீ. வேகத்தில் தன் பிரிவில் உலக சாதனை. வயது 63. 1966-இல் மறுபடியும் ஒரு சாதனை, 270 கி.மீ. 1967-இல்தான் உச்சம். ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட ஸ்ட்ரீம்லைனர் பிரிவில் 295 கி.மீ.

இந்தச் சாதனையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு திசையில் ஓடினால் மட்டும் போதாது. காற்று முதுகுக்குப் பின்னால் அடித்தால் வேகம் கூடக் காட்டுமே! அதனால் எதிர்த் திசையிலும் திரும்ப ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை. ஒரு பக்கமாக 305 போயும் சாதனைப் புத்தகத்தில் அன்றைக்கு 295 என்று பதிவானது அதனால்தான்.

சாய்ந்தது வண்டி

1967-இல் ஒரு ஓட்டத்தில் பாதி தாண்டியதும் வண்டி இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தது. அந்த வேகத்தில் பிரேக் பிடித்தாலும் ஆபத்து, பிடிக்காவிட்டாலும் ஆபத்து. உடம்பால் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கலாம் என்று கூட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்தார். காற்று கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. கண் தெரியவில்லை. ஓட வேண்டிய கோட்டை விட்டு வண்டி எங்கோ விலகிப்போய், நட்டு வைத்திருந்த ஒரு இரும்புக் கம்பத்தை மயிரிழையில் தாண்டியது. கடைசியில் வண்டியைச் சாய்த்துப் படுக்க வைத்தார். சின்னச் சிராய்ப்புகளோடு எழுந்து வந்தார்.

நண்பர்களே, இதைப் படித்துவிட்டு நம்ம பைபாஸ் ரோட்டில் யாரும் மன்ரோவாக வேண்டாம்! அவர் அன்றைக்கு ஓட்டியது எதிரே ஒரு ஆடுகூட வராத தரையில், நேரம் அளக்க ஆட்கள் நிற்க. ரோட்டில் எதிரே பால்காரர் வருவார், பள்ளிக்கூடப் பிள்ளை வரும். நாற்பது வருஷம் எஞ்சினை மாற்றிய பொறுமையைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் திருகுவதற்கு ஒரு நொடி போதும்; அதில் என்ன பெருமை?

கொடுத்த விலை

சாதனையாளர் வாழ்க்கை எழுதுகிறவர்கள் கஷ்டத்தைச் சொல்லிவிட்டு வெற்றிக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் யார் யார் கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். மன்ரோவுக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். 1947-இல் அந்தக் கல்யாணம் முறிந்தது. அதன் பிறகு கொட்டகையே வீடு. வண்டிகள் ஒரு பக்கம், படுக்கை ஒரு பக்கம். ராத்திரியெல்லாம் லேத் ஓட்டுகிறவரோடு வாழ்வது ஒரு குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பார்த்தால் அதுவும் அந்த அலமாரியில் இருக்க வேண்டிய ஒன்றுதான்.

1950-களின் கடைசியிலேயே அவருக்கு நெஞ்சு வலி நோய் வந்துவிட்டது. பான்வில் சாதனைகள் எல்லாம் அதற்கப்புறம்தான். 1977-இல் பக்கவாதம். கை சொன்னபடி கேட்கவில்லை. கையை நம்பியே வாழ்ந்த மனிதருக்கு அதைவிட என்ன தண்டனை? வண்டி ஊரை விட்டுப் போய்விடக் கூடாது என்று நினைத்து, உள்ளூர்க் கடைக்காரர் ஒருவருக்கே தன் வண்டிகளை விற்றார். 1978 ஜனவரி 6-ஆம் தேதி இறந்தார்.

இரும்புக் கடையில் ஓர் அருங்காட்சியகம்

அந்தக் கடை இன்வர்கார்கிலில் உள்ள ஹேய்ஸ் கடை. நட்டு, போல்ட்டு, ஸ்பேனர், சுத்தியல் விற்கும் கடை. அங்கேதான் மன்ரோவின் வண்டியைப் பார்வைக்கு வைத்தார்கள். பெரிய பெரிய அருங்காட்சியகங்களில் கயிறு கட்டி, காவலாளி நிறுத்தி வைத்திருப்பார்கள். இது கருவிகள் விற்கிற இடத்தில், கருவி வாங்க வருகிறவர்கள் நடுவில் நின்றது. ஆணி வாங்க வந்தவர்கூட உலக சாதனையைப் பார்த்துவிட்டுப் போகலாம். எனக்கு என்னமோ இதுதான் அந்த வண்டிக்குப் பொருத்தமான இடம் என்று படுகிறது.

ரோஜர் டொனால்ட்சன் என்ற இயக்குநர் மன்ரோ உயிரோடு இருந்தபோதே அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அவரே 2005-இல் அந்தோணி ஹாப்கின்ஸை வைத்து முழுநீளத் திரைப்படமும் எடுத்தார். படத்தில் எல்லாம் ஒரே பயணத்தில் நடப்பது போல் வரும். உண்மையில் மன்ரோ பல வருஷம், பல தடவை போய் வந்தார். படத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. வாழ்க்கைக்கு அந்த அவசரம் இல்லை.

இன்னொரு விஷயம். 2014-இல் மன்ரோவின் மகன் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தார். 1967-இல் இரண்டு ஓட்டத்தின் சராசரியை எடுத்ததில் பிசகு இருந்தது. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்கு அதைச் சுட்டிக்காட்டினார். அவர்களும் சரிபார்த்து, மணிக்கு 183.586 மைல் என்றிருந்ததை 184.087 மைல் என்று திருத்தினார்கள். கிலோமீட்டரில் 296-ஐத் தாண்டியது. சாதனை நடந்து 47 வருஷம் கழித்து, அவர் இறந்து 36 வருஷம் கழித்து, மன்ரோவின் வேகம் இன்னும் கொஞ்சம் கூடிற்று! சராசரிக் கணக்குதானே என்று அலட்சியமாகப் போடும் நாம் இதை மறக்கக் கூடாது.

நமக்கு என்ன வேண்டும்?

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்ன படிக்கிறாய் என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். டிப்ளமோதானா என்றார். அந்தத் தானா-வை நம்மில் பாதிப் பேராவது கேட்டிருப்போம். பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மன்ரோவைக் காட்டி, படிப்பே வேண்டாம், கைவேலை போதும் என்று நான் சொல்ல வரவில்லை. யோசித்துப் பாருங்கள். எஃகை எந்தச் சூட்டில் பதப்படுத்தினால் எவ்வளவு தாங்கும், அலுமினியம் எவ்வளவு விரியும், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் – இதையெல்லாம் சொல்லித்தர அவருக்கு ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் உடைத்து உடைத்துக் கற்றார். அதற்கு நாற்பது வருஷமும் ஒரு குடும்பமும் ஆயிற்று. நமக்கு அது ஆறு செமஸ்டரில் கிடைக்கிறது. இது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

ஆனால் புத்தகம் மட்டும் வைத்திருக்கிற ஆளுக்கு, ஓட்டையின் சுவர் வழவழவென்று இருக்கிறதா சொரசொரவென்று இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தோன்றாது. அது அப்பாவுக்குத் தெரியும். மன்ரோவுக்குத் தெரியும். டிப்ளமோ படிக்கிறவன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். ஒரு கையில் அட்டவணை, ஒரு கையில் உடைந்த வார்ப்பு. இப்படி நிற்பது தாழ்வான இடம் என்று எனக்குத் தோன்றவில்லை. எஞ்சினியருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் ஒருத்தருக்கு ஒருத்தர் பேச்சுப் புரிய வைக்கிற இடம் அது.

அதனால் சங்கத்துக்கும் நம் துறைக்கும் ஒரு வேண்டுகோள். நம்ம ஒர்க்‌ஷாப்பில் உடைகிறது எல்லாம் ஸ்கிராப் டிரம்முக்குத்தான் போகிறது. முறிந்த டிரில் பிட், முனை போன லேத் டூல், திருகி அறுந்த போல்ட், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் இழுத்து அறுத்த கம்பி. கிண்ணமும் கூம்புமாக அறுந்தது மைல்டு ஸ்டீல், தட்டையாக அறுந்தது வார்ப்பிரும்பு என்று பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிறோமே, அதே கம்பிதான். அதை எல்லாம் வைக்க ஒர்க்‌ஷாப் சுவரில் ஒரு அலமாரி வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: என்ன பாகம், என்ன உலோகம், என்ன வேகத்தில் ஓடியபோது, எப்படி உடைந்தது. யார் உடைத்தது என்று எழுத வேண்டியதில்லை. அப்படி எழுதினால் யாரும் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள்!

பெரிய செலவு இல்லை. நான்கு பலகை, எட்டு பிராக்கெட். கார்பென்டரி ஷாப்பில் பலகை, வெல்டிங் ஷாப்பில் பிராக்கெட், நாமே செய்துவிடலாம். அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு சேருகிற தம்பி தங்கைகள் உள்ளே வந்ததும் முதலில் அதைப் பார்க்கட்டும். முதல் சாமானாக எங்க அப்பா பவுண்டரியிலிருந்து ஒரு ரிஜெக்ட் வார்ப்பை, குறுக்கே உடைத்து ஓட்டை தெரிகிற மாதிரி, நான் கொண்டுவந்து தருகிறேன். அப்பாவிடம் கேட்டுவிட்டேன். எடுத்து வைத்திருக்கிறார்.